வெட்டுப்பட்ட விரல்ல இருந்துதான் ஹெவி மெட்டல் வந்துச்சா? பிளாக் சப்பாத் பத்தி கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான்: "ஹெவி மெட்டல் மியூசிக்கே ஒரு ஃபேக்டரி ஆக்சிடென்ட்ல பொறந்துச்சுன்னு படிச்சேன், நிஜமா? பிளாக் சப்பாத் அப்படி என்ன பெருசா பண்ணிட்டாங்க? நான் இப்பதான் கிடார் கத்துக்கிறேன், எதுல ஆரம்பிச்சு கேக்கலாம்?"

பாதி நிஜம். ஆக்சிடென்ட் நடந்தது நிஜம், அதனால அந்த கிடார் சத்தம் மாறுனதும் நிஜம். ஆனா வெட்டுப்பட்டது ஒருத்தரோட விரல், பேண்ட்ல இருந்தது நாலு பேர். இந்த ஆக்சிடென்ட் கதைய சொல்லி சொல்லியே மத்த மூணு பேர் என்ன பண்ணாங்கன்னு யாரும் பேசுறதில்ல, குறிப்பா டிரம்ஸ் வாசிச்ச பில் வார்ட், பேஸ் வாசிச்ச கீஸர் பட்லர். என்னைக் கேட்டா சப்பாத்தோட பாதி ரகசியம் இந்த ரெண்டு பேருகிட்டதான் இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன், மொதல்ல ஊர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஊர் பர்மிங்காம், அதுலயும் ஆஸ்டன்னு ஒரு ஏரியா. இங்கிலாந்துக்கு நடுவுல இருக்கிற தொழிற்சாலை ஊரு. கார் பார்ட்ஸ், ஆணி, குழாய், தகடுன்னு இரும்ப அடிச்சு வளைச்சு வித்து பொழைச்ச ஜனங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் போட்ட குண்டுல நொறுங்குன தெருக்கள் இவங்க சின்ன பசங்களா இருந்தப்போ கூட அப்படியேதான் கெடந்துச்சு. நாலு பேருமே 1948, 49ல பொறந்தவங்க, நாலு பேருமே தொழிலாளி வீட்டு பசங்க. அந்த ஊர்ல ஒரு பையன் பதினஞ்சு வயசுல ஸ்கூல விட்டா அடுத்தது ஏதாவது ஒரு ஃபேக்டரி கேட்டுதான். பேண்ட்ல பாடுன ஓஸி ஆஸ்பர்ன் கார் ஹாரன் டியூன் பண்ற வேலை பாத்தாரு, மாடு வெட்டுற எடத்துல வேலை பாத்தாரு, திருடி மாட்டி அபராதம் கட்ட வழியில்லாம வின்சன் கிரீன் ஜெயில்ல சில வாரம் இருந்தாரு. அதே காலத்துல சான்ஃபிரான்சிஸ்கோல பசங்க தலைல பூ வெச்சுக்கிட்டு அன்பு அமைதின்னு பாடிட்டு இருந்தாங்க, அந்த பாட்டெல்லாம் ரேடியோல கேட்டா ஆஸ்டன் பையனுக்கு என்ன தோணும்? நமக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னுதான் தோணும். இந்த எரிச்சல பேண்ட்ல எல்லாருமே பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க.

இப்போ அந்த விரல் விஷயம். பேண்ட்ல கிடார் வாசிச்ச டோனி ஐயோமிக்கு அப்போ 17 வயசு, தகடு வேலை பண்ற ஃபேக்டரில வெல்டிங். ஜெர்மனிக்கு டூர் போற ஒரு பேண்ட்ல சேர சான்ஸ் கெடச்சிருச்சு, அன்னிக்கு வேலைல கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவரு இனிமே போகலைன்னு சொல்லியிருக்காரு, அம்மாதான் எடுத்த வேலைய ஒழுங்கா முடிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு பிரஸ் மெஷின்ல நிக்கவேண்டிய ஆள் வரல, அதனால பழக்கமே இல்லாத இவரப் போய் அதுல நிக்க சொன்னாங்க, மெஷின் கைமேல எறங்கிருச்சு, பதறிப்போய் கைய வெடுக்குனு இழுத்ததுல வலது கையோட நடு விரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போச்சு.

வலது கைதானே, அதனால என்னன்னு நெனைக்காதீங்க, ஐயோமி இடது கைக்காரர். நாம இடது கையால கம்பிய அழுத்தி வலது கையால மீட்டுவோம், அவருக்கு அப்படியே உல்டா. அதாவது கம்பி அழுத்துற கையே போச்சு. டாக்டருங்க எல்லாம் கிடார மறந்துருன்னு சொல்லிட்டாங்க. அந்த ஃபேக்டரி மேனேஜர்தான் ஒரு ரெக்கார்ட கொண்டு வந்து கேளுப்பான்னு போட்டு காமிச்சாரு, ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒரு ஜிப்ஸி ஜாஸ் கிடாரிஸ்ட், 1928ல வண்டி தீப்பிடிச்சதுல இடது கைல ரெண்டு விரல் செயலிழந்து போய் மிச்ச ரெண்டு விரல வெச்சே உலகமே வாய பொளக்குற மாதிரி வாசிச்சவரு. அத கேட்ட பின்னாடிதான் ஐயோமிக்கு உயிர் வந்துச்சு.

அடுத்து அவர் பண்ணதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. பாத்திரம் கழுவுற ஃபேரி லிக்விட் பிளாஸ்டிக் பாட்டில எடுத்து உருக்கி உருண்டையா புடிச்சு, சூடான சால்டரிங் அயர்ன வெச்சு விரல் நுழையிற அளவுக்கு ஓட்டை போட்டு, மணல் தாள் போட்டு தேச்சு தேச்சு விரல் நுனி மாதிரி ஒரு தொப்பி பண்ணிக்கிட்டாரு. வெறும் பிளாஸ்டிக் கம்பில வழுக்குது, அதனால ஒரு பழைய லெதர் ஜாக்கெட்ட வெட்டி அதுமேல ஒட்டுனாரு. புது தோல் கம்பில சரியா ஒக்காராது, தேச்சு தேச்சு பழக்கணும், ரொம்ப தேஞ்சா மறுபடி மாத்தணும். இந்த தொப்பிய போட்டுக்கிட்டா ரெண்டு விரலுக்கும் தொடு உணர்ச்சி கெடையாது, கம்பிய எவ்ளோ அழுத்துறோம்னு காதாலதான் தெரிஞ்சுக்கணும். வழக்கமான கம்பி தடிமனா இருந்து வலிச்சுது, மெல்லிசான செட்டு அப்போ கடைல கெடையாது, அதனால பாஞ்சோ கம்பிய வாங்கி கிடார்ல மாட்டுனாரு. பின்னாடி வேல்ஸ்ல இருந்த ஒரு கம்பி கம்பெனிகிட்ட கெஞ்சி கூத்தாடி மெல்லிசு செட்டு செய்ய வெச்சாரு.

இதோட விளைவு என்னன்னா, ஆறு கம்பியையும் புடிக்கிற பெரிய கார்டெல்லாம் கஷ்டம், அதனால ரெண்டு மூணு ஸ்வரம் மட்டும் வர்ற பவர் கார்ட், அத கனமா காட்டுறதுக்கு ஆம்ப்ல டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்த வேணும்னே கரகரன்னு ஒடைக்கிறது, கம்பி ரொம்ப லூஸா இருக்கிறதால ஒவ்வொரு ஸ்வரமும் நடுங்குற மாதிரி ஒரு வைப்ரேட்டோ. ஹெவி மெட்டல் கிடாருக்கு இன்னிக்கு வரைக்கும் இதுதான் அஸ்திவாரம்னு சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

ஆனா ஒரு விஷயம் எல்லா எடத்துலயும் தப்பா எழுதுறாங்க. விரல் வலிச்சதால முதல் ஆல்பத்துல இருந்தே கிடார கீழ டியூன் பண்ணாருன்னு. இல்ல. முதல் ரெண்டு ஆல்பமும் சாதாரண டியூனிங்தான். 1971ல வந்த மூணாவது ஆல்பம் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டிலதான் சில பாட்டுக்கு கீழ எறக்குனாரு, நம்ம கணக்குல சொன்னா மூணு கட்டைல இருந்து ஒன்றரை கட்டைக்கு. கம்பி இன்னும் தொளதொளன்னு ஆகி விரலுக்கு சுகம், சத்தமும் அடிவயித்துல இருந்து வரும். அப்போ முதல் ஆல்பத்துல வர்ற அந்த பயங்கரம் டியூனிங்கால வந்தது இல்ல, வேற எங்கேயோ இருந்து வருது.

சரி, பேண்ட் எப்படி சேந்துச்சு. ஐயோமியும் வார்டும் மைதாலஜின்னு ஒரு பேண்ட்ல இருந்தாங்க, அது 1968ல ஒடஞ்சு போச்சு. பாட ஆள் தேடுறப்போ ஒரு மியூசிக் கடைல ஒட்டியிருந்த விளம்பரத்த பாக்குறாங்க, 'ஓஸி ஸிக்னு ஒருத்தருக்கு பேண்ட் வேணும், சொந்தமா பிஏ சிஸ்டம் (மைக், ஸ்பீக்கர் செட்டு) இருக்கு'ன்னு. ஐயோமிக்கு ஸ்கூல்ல ஒரு ஓஸிய தெரியும், ஒரு வகுப்பு கீழ படிச்ச பையன், இவர் மிரட்டி வெச்சிருந்த பையன், அவனுக்கு பாட்டெல்லாம் வராதேன்னு சொல்லிக்கிட்டே அட்ரஸ தேடிப் போனா கதவ தொறந்தது சாட்சாத் அதே பையன். பாட வருமோ வராதோ, பிஏ சிஸ்டம் இருக்கே! அவங்க அப்பா கடன் வாங்கி வாங்கி குடுத்தது அது. கீஸர் ஏற்கனவே ஓஸி கூட ஒரு பேண்ட்ல இருந்தவரு, அதுல ரிதம் கிடார், இங்க பேஸுக்கு மாறுனாரு. ஆரம்பத்துல போல்கா டல்க் ப்ளூஸ் பேண்ட்னு கேவலமா ஒரு பேரு, ஆறு பேரு, சாக்ஸஃபோன் எல்லாம் உண்டு, அப்புறம் நாலு பேரா சுருங்கி எர்த்னு பேர மாத்திக்கிட்டாங்க.

நடுவுல ஒரு திருப்பம். 1968 டிசம்பர்ல ஐயோமி பேண்ட விட்டுட்டு ஜெத்ரோ டல்ங்கற இன்னொரு பேண்ட்ல சேந்துட்டாரு, ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்த ஒரு டிவி நிகழ்ச்சில கூட தொப்பி போட்டுக்கிட்டு அவங்களோட நிப்பாரு, பாக்கலாம். ஆனா அங்க மனசு ஒட்டல, சீக்கிரமே திரும்பி வந்துட்டாரு. வந்தவரு சும்மா வரல, அந்த பேண்டோட தலைவர் இயன் ஆண்டர்சன் காலைல ஒழுங்கா ரிகர்சல் வெக்கிறத பாத்துட்டு வந்து, இனிமே நாமளும் காலைல ஒம்பது மணிக்கு ரிகர்சல், வரலைன்னா நான் கெளம்பிருவேன்னு சொல்லிட்டாரு. ஜாலியா சுத்திட்டு இருந்த பசங்க அன்னிலருந்துதான் பேண்டா ஆனாங்க. அப்புறம் ஜெர்மனில ஹாம்பர்க் ஸ்டார் கிளப்புல நாளுக்கு அத்தனை செட் வாசிக்கணும், கையில பாட்டு கம்மி, அதனால ஒரே ரிஃப்ப (திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிடார் வரி) இழுத்து இழுத்து ஜாம் பண்ணுவாங்க. இந்த இழுவைல இருந்துதான் பாதி பாட்டு பொறந்துச்சு.

பேரு வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், எர்த்னு இன்னொரு பேண்ட் இருக்கிறது தெரியவந்து குழப்பம் ஆச்சு, போரிஸ் கார்லாஃப் நடிச்ச ஒரு பேய்ப்படம் பேரையே எடுத்து வெச்சுக்கிட்டாங்க. பயப்படுறதுக்கு காசு குடுத்து ஜனங்க க்யூல நிக்கிறாங்களே, நாம பயப்படுற மாதிரி பாட்டு போட்டா என்னன்னு ஒரு யோசனை.

அந்த பேர்லயே வந்த பாட்டுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். கீஸர் ரிகர்சல்ல ஹோல்ஸ்ட்னு ஒரு இங்கிலீஷ் கம்போஸரோட செவ்வாய் கிரகம் பத்தின ஆர்கெஸ்ட்ரா பீஸ பேஸ்ல சும்மா வாசிச்சு பாத்துட்டு இருந்தாரு, அது ஐயோமி காதுல விழுந்து மறுநாள் வேற மாதிரி ஒரு ரிஃப்பா வந்து நின்னுச்சு. மூணே ஸ்வரம். நம்ம பாஷைல சொன்னா கீழ் ஸ, மேல் ஸ, அப்புறம் நடுவுல பிரதி மத்யமம், அந்த மத்யமத்துல நின்னுக்கிட்டு பஞ்சமத்த தொட்டு தொட்டு ஒரு நடுக்கம். அவ்ளோதான் பாட்டு. ஸ-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த தூரத்த மேற்கத்திய சங்கீதத்துல ட்ரைடோன்னு சொல்வாங்க, பழைய காலத்துல சாத்தானோட சத்தம்னு பட்டப்பேரு வேற. சர்ச்சு அத தடை பண்ணி வெச்சிருந்துச்சுன்னு யூடியூப்ல எல்லாரும் அள்ளி விடுவாங்க, அப்படி தடை போட்டதுக்கெல்லாம் ஆதாரம் இல்ல, கோரஸ்ல பாட கஷ்டம்னு தவிர்த்தாங்க, அவ்ளோதான். யோசிச்சு பாருங்க, நம்ம கல்யாணில இருக்கிறதும் இதே பிரதி மத்யமம்தான், அத கேட்டு யாராவது பயந்தாங்களா? ஸ்வரத்துல பேய் இல்ல. அத எந்த ஸ்தாயில வெக்கிறீங்க, எவ்ளோ மெதுவா வர்றீங்க, பக்கத்துல எந்த ஸ்வரத்த எடுத்துட்டு அனாதையா நிறுத்துறீங்க, அதுலதான் இருக்கு. சப்பாத் அந்த ஸ்வரத்துக்கு போறதுக்கு எடுத்துக்கிற நேரம் இருக்கே, மத்த ராக் பேண்ட் அதுக்குள்ள ஒரு சரணத்தையே முடிச்சிருக்கும்.

முதல் ஆல்பம் ரெக்கார்ட் பண்ணது 1969 அக்டோபர்ல லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டுடியோல, ஒரே நாள். நெஜமாவே ஒரே நாள். நாலு ட்ராக் மெஷின், ப்ரொட்யூசர் ராட்ஜர் பெய்ன், இன்ஜினியர் டாம் ஆலம். மேடைல என்ன வாசிப்பாங்களோ அத அப்படியே வாசிச்சுட்டு, சாமான எல்லாம் ஏத்திக்கிட்டு அடுத்த ஷோவுக்கு சுவிட்சர்லாந்து கெளம்பிட்டாங்க. அன்னிக்கு முதல் பாட்டு எடுத்ததுமே ஐயோமியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார்ல பிக்கப் (கம்பி அதிர்வ புடிக்கிற காந்தம்) போயிருச்சு, ஸ்பேரா கொண்டுவந்த கிப்ஸன் எஸ்ஜிய எடுத்து மிச்ச பாட்ட முடிச்சாரு, அதுக்கப்புறம் வாழ்க்கை முழுக்க எஸ்ஜிதான். இப்படி ஒரு ரிப்பேர்ல இருந்து மெட்டல் கிடாரோட உருவமே முடிவாயிருச்சு. மழையும் மணிச்சத்தமும் பின்னாடி மிக்ஸிங்ல சேத்தது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையா பாத்து ரிலீஸ். அட்டைல ஒரு பழைய தண்ணி ஆலை, முன்னாடி கருப்பு துணி போத்திக்கிட்டு ஒரு பொண்ணு. உள்பக்கம் தலைகீழ் சிலுவை ஒண்ணு போட்டிருந்தாங்க, அது ரெக்கார்ட் கம்பெனி பண்ண வேலை, பேண்டுக்கே ஆல்பம் கைக்கு வந்தப்புறம்தான் தெரியும். விமர்சகர்கள் கிழி கிழின்னு கிழிச்சாங்க. ஜனங்க வாங்குனாங்க, இங்கிலாந்து விற்பனைப் பட்டியல்ல எட்டாவது எடம்.

அந்த சிலுவையால சாத்தான் பூஜை பண்றவங்கன்னு ஒரு பேரு ஒட்டிக்கிச்சு, இன்னிக்கும் போகல. பாட்டு வரி எழுதுனது பெரும்பாலும் கீஸர், ஐரிஷ் கத்தோலிக்க குடும்பத்துப் பையன். அந்த முதல் பாட்ட கவனிச்சு கேளுங்க, சாத்தான கும்புடுற பாட்டு இல்ல, சாத்தான பாத்து அலறி ஓடுறவன் பாட்டு. ஒரு ராத்திரி கட்டில் கால்மாட்டுல கருப்பா ஒரு உருவம் நின்னுச்சுன்னு கீஸர் சொன்ன அனுபவம்தான் அதுக்கு மூலம். என்.ஐ.பி.ங்கற பாட்டுல சாத்தான் லூசிஃபரே காதல்ல விழுந்து திருந்துறேன்னு சொல்றான், அந்த தலைப்புக்கு ஆளாளுக்கு ரகசிய அர்த்தம் கண்டுபுடிச்சாங்க, கடைசில பாத்தா அது பில் வார்டோட தாடி பேனா நிப்பு மாதிரி இருந்ததுக்கு வெச்ச கிண்டல் பேரு. ஆஃப்டர் ஃபாரெவர் பாட்டு கிட்டத்தட்ட ஞாயித்துக்கிழமை பிரசங்கம். இவங்க கழுத்துல பெருசா சிலுவை மாட்டிட்டு திரிவாங்களே, அது ஸ்டைலுக்கு ஆரம்பிச்சது இல்ல, மந்திரவாதக் கூட்டம் ஒண்ணு சாபம் விட்டதா சேதி வந்து பசங்க மெரண்டு போய், டூல் மேக்கரா வேலை பாத்த ஓஸியோட அப்பா அலுமினியத்துல ஆளுக்கொண்ணு அடிச்சு குடுத்தது.

அதே வருஷம் செப்டம்பர்ல ரெண்டாவது ஆல்பம் பாரனாய்ட். எட்டு மாசத்துக்குள்ள ரெண்டு ஆல்பம், ரெண்டுமே காலத்துக்கும் நிக்கிது, இப்போ ஒரு பேண்ட் ஆல்பம் போட அஞ்சு வருஷம் ஆகுது. டைட்டில் பாட்டு வெறும் ஃபில்லர், ஆல்பம் நேரம் பத்தல இன்னொரு மூணு நிமிஷம் வேணும்னு ப்ரொட்யூசர் சொன்னதும் மத்தவங்க சாப்பிடப் போன கேப்ல ஐயோமி ரிஃப் போட்டு, கீஸர் அவசர அவசரமா வரி எழுதி, ஓஸி பேப்பர பாத்து படிச்சுக்கிட்டே பாடுனது. பாட்டுக்குள்ள எங்கயும் பாரனாய்ட்ங்கற வார்த்தையே கெடையாது. உண்மைல அது டிப்ரெஷன் பத்தின பாட்டு, கீஸருக்கு அந்த பிரச்சனை இருந்துச்சு, அந்த காலத்துல டாக்டர்கிட்ட சொன்னா நல்லா ஒரு நடை போய்ட்டு வான்னு அனுப்பிருவாங்க. சிங்கிளா விட்டாங்க, இங்கிலாந்துல நாலாவது எடம், ஆல்பம் ஒண்ணாவது எடம். ஆல்பத்துக்கு மொதல்ல வார் பிக்ஸ்னுதான் பேரு, சிங்கிள் ஹிட்டானதும் கம்பெனி பேர மாத்திருச்சு, அட்டை மட்டும் பழசே, அதனாலதான் கத்தி கேடயத்தோட ஒரு ஆள் சம்பந்தமே இல்லாம பாஞ்சு வர்ற மாதிரி ஒரு படம்.

இப்போ நான் மொதல்ல சொன்ன ரெண்டு பேருக்கு வரேன். வார் பிக்ஸ் பாட்ட ஹெட்ஃபோன்ல போடுங்க, கிடார கொஞ்சம் மறந்துட்டு டிரம்ஸ மட்டும் புடிச்சுக்கிட்டு போங்க. ஆரம்பத்துல சைரன் ஊளையிட, பேண்ட் மெதுவா ஊஞ்சல் ஆடுற மாதிரி மூணு மூணா எண்ணுற தாளத்துல உருண்டு வருது, இது மெட்டலே இல்ல, சுத்தமா ப்ளூஸும் ஜாஸும். அப்புறம் டக்குனு எல்லாம் நின்னு போய் ஹைஹாட் (டிரம்ஸ்ல காலால தொறந்து மூடுற ஜோடித் தட்டு) மட்டும் ட்ஸ் ட்ஸ்னு நடக்கும், ரெண்டே ரெண்டு கார்டு வெட்டு, மறுபடி ஹைஹாட். அந்த காலி எடத்துலதான் ஓஸி பாட வர்றாரு, கூட வேற ஒண்ணும் இல்ல. இந்த காலி எடத்த விட்டு வெக்க எவ்ளோ தைரியம் வேணும்! எட்டு நிமிஷ பாட்டுல பாதிக்கு மேல வார்ட் பீட் அடிக்கிறதே இல்லன்னு சொல்லலாம், பாட்டோட பேசிட்டே போறாரு, ஓஸி ஒரு வரி முடிச்சா இவர் ஒரு பதில் சொல்றாரு. ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச்னு பெரிய ஜாஸ் பேண்ட் டிரம்மர்கள கேட்டு வளந்த ஆளு இவரு. கீஸர் ரிதம் கிடார்ல இருந்து வந்தவர்ங்கறதால பேஸ ஓரமா நின்னு வாசிக்க மாட்டாரு, ஐயோமி ரிஃப் போட்டா இவரும் அதே ரிஃப்ப கீழ இருந்து புடிச்சு, வாக்கிய முடிவுல கம்பிய வளைச்சு ஒரு சுழி போடுவாரு. மேடைல ஐயோமி சோலோ போறப்போ பின்னால ரெண்டாவது கிடாரே கெடையாது, அந்த ஓட்டைய மொத்தமா அடைக்கிறது கீஸர்தான்.

பின்னாடி சப்பாத்த பாத்து வந்த ஆயிரம் பேண்ட்ல முக்காவாசி பேரு அந்த கனத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க. கிடார இன்னும் கீழ டியூன் பண்ணு, ஆம்ப்ப இன்னும் கூட்டு, டிரம்ஸ கல்லு மாதிரி நேரா அடின்னு. ஆட்டம் போச்சு. சப்பாத் பாட்டுக்கு தலைய மட்டும் இல்ல இடுப்பையும் ஆட்டலாம், நான் சொல்றது விளையாட்டுக்கு இல்ல, ஃபேரிஸ் வேர் பூட்ஸ்ங்கற பாட்ட கேட்டு பாருங்க.

ஓஸி குரல பத்தியும் ஒரு வார்த்தை. பெரிய பாடகர்னு யாரும் சொல்லமாட்டாங்க, சங்கதி கெடையாது, அயர்ன் மேன் பாட்டுல எல்லாம் ரிஃப் எங்க போகுதோ அதே ஸ்வரத்துலதான் பாட்டும் போகும். ஆனா அந்த குரல்ல ஒரு பயம் இருக்கு. அடுத்த தெரு பையன் மாட்டிக்கிட்டு கத்துற மாதிரி இருக்கும். நல்லா பயிற்சி எடுத்த குரல் பாடியிருந்தா நாடகம் ஆயிருக்கும்.

அடுத்த நாலு ஆல்பத்த வேகமா சொல்லிடுறேன். மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி 1971, ஐயோமி இருமுற சத்தத்தோட ஆரம்பிக்கும், கஞ்சா பத்தின பாட்டு, ஏன் இருமுறாருன்னு விளக்கவேண்டியதில்ல. ஸ்டோனர், டூம்னு இன்னிக்கு சொல்ற மெதுவான, கனமான மெட்டல் வகை எல்லாத்துக்கும் இந்த ஆல்பம்தான் தாய்வீடு. 1972ல வால்யூம் ஃபோர், லாஸ் ஏஞ்சலீஸ்ல பங்களா எடுத்து தங்கி, கொக்கெய்னுக்கு செலவழிச்சது ரெக்கார்டிங் செலவ விட அதிகம்னு அவங்களே சொல்லிக்கிற கதை. சேஞ்சஸ்னு ஒரு பியானோ பாட்டு அதுல இருக்கு, மெட்டல் புடிக்காதவங்களுக்கும் புடிக்கும். அதுக்கு அடுத்து ஐயோமிக்கு ரிஃப்பே வராம வறண்டு போச்சு. க்ளியர்வெல்னு ஒரு பழைய கோட்டைய வாடகைக்கு எடுத்து அதோட கீழறைல போய் ரிகர்சல் வெச்சாங்க, அங்க வந்து விழுந்ததுதான் சப்பாத் ப்ளடி சப்பாத் ரிஃப், 1973. 1975ல சபோடாஜ், பழைய மேனேஜ்மென்ட்டோட கோர்ட் கேஸ் நடந்துட்டு இருந்தப்போ ஸ்டுடியோவுக்குள்ளயே வக்கீல் நோட்டீஸ் வந்துச்சாம், அந்த கடுப்பு முழுக்க பாட்டுல இருக்கும். அதுல இருக்கிற சிம்ப்டம் ஆஃப் தி யுனிவர்ஸ் பாட்டத்தான் த்ராஷ்ங்கற வேகமான மெட்டல் வகைக்கு முன்னோடின்னு சொல்வாங்க.

அப்புறம் சறுக்கல். குடி, போதை, களைப்பு, ரெண்டு சுமாரான ஆல்பம், 1979ல ஓஸிய வெளிய அனுப்பிட்டாங்க. சேதிய சொல்ற வேலை அவரோட நெருங்குன கூட்டாளி பில் வார்ட் தலைலதான் விழுந்துச்சு. புதுசா வந்தவரு ரானி ஜேம்ஸ் டியோ, ரெயின்போங்கற பேண்ட்ல பாடிட்டு இருந்தவரு, உருவம் சின்னது, குரல் மலை. 1980ல ஹெவன் அண்ட் ஹெல். அருமையான ஆல்பம், ஆனா அது வேற பேண்ட். ரிஃப்போட சேந்து பாடாம ரிஃப்புக்கு மேல தனியா பறந்து பாடுவாரு டியோ, அதனால ஐயோமி எழுதுற விதமே மாறிப்போச்சு. மெட்டல் கச்சேரில எல்லாரும் ஆள்காட்டி விரல், சுண்டு விரல் ரெண்டையும் தூக்கி காட்டுறோமே, அத பரப்புனது இவர்தான், கண்ணேறு படாம இருக்க அவரோட இத்தாலி பாட்டி காட்டுற முத்திரை அது. டியோவும் 1982ல போனாரு, அப்புறம் டீப் பர்ப்பிள் பேண்டோட பாடகர் இயன் கில்லன் ஒரு ஆல்பம் பாடுனாரு, அந்த டூருக்கு ஸ்டோன்ஹெஞ்ச் கல்லு செட்டு போடச்சொல்லி அளவு தப்பாகி மேடைக்குள்ளயே நுழையாத சைஸ்ல வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் ஆள் மாறி ஆள் மாறி ஒரு கட்டத்துல பழைய ஆள்னு ஐயோமி மட்டும்தான் மிச்சம். டோனி மார்ட்டின் பாடுன ஆல்பங்கள்ல ஹெட்லெஸ் க்ராஸ் நல்லாருக்கும், மத்தத நேரம் இருந்தா பாத்துக்கலாம்.

1997 டிசம்பர்ல பர்மிங்காம்ல நாலு பேரும் மறுபடி சேந்தாங்க. 2013ல 13ங்கற ஆல்பம் இங்கிலாந்து அமெரிக்கா ரெண்டுலயும் ஒண்ணாவது எடம், இங்கிலாந்துல பாரனாய்டுக்கு அப்புறம் அப்போதான். ஐயோமி கேன்சர் ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டே வாசிச்சது அது, அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. ஆனா காண்ட்ராக்ட் தகராறுல பில் வார்ட் இல்ல. வேற நல்ல டிரம்மர வெச்சாங்க, தாளம் எல்லாம் கரெக்டா இருக்கு, நான் மேல சொன்ன ஆட்டம் இல்ல. என் பேச்சுல சந்தேகம் இருந்தா 13 ஆல்பத்தையும் பாரனாய்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க, உங்களுக்கே தெரியும்.

2025 ஜூலை 5, ஆஸ்டன்லயே வில்லா பார்க் ஃபுட்பால் ஸ்டேடியத்துல கடைசி கச்சேரி. ஓஸி சின்ன வயசுல இருந்த வீட்டுல இருந்து நடந்து போற தூரம்தான். 2005க்கு அப்புறம் முதல் தடவையா வார்டும் சேந்து நாலு பேரும் மேடைல. மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் மாதிரி பெரிய தலைங்க எல்லாம் முன்னாடி வந்து வாசிச்சுட்டு எறங்குனாங்க. ஓஸிக்கு பார்க்கின்சன்ஸ், நிக்க முடியாது, கருப்பு சிம்மாசனம் ஒண்ணுல ஒக்காந்தே பாடுனாரு, சப்பாத்தா நாலே பாட்டு, வார் பிக்ஸ், என்.ஐ.பி., அயர்ன் மேன், பாரனாய்ட். நாலுமே 1970ல வந்த பாட்டுங்கறத கவனிங்க. வார் பிக்ஸ்ல அந்த ஹைஹாட் எடம் வந்தப்போ வரிய ஸ்டேடியமே பாடுச்சு. ஜூலை 22 அன்னிக்கு ஓஸி எறந்துட்டாரு, 76 வயசு.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டீங்கல்ல. பாரனாய்ட் ஆல்பத்த முழுசா, ஷஃபிள் போடாம. அதுல ப்ளானட் கேரவன்னு ஒரு அமைதியான பாட்டு வரும், தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும், ஆர்கனுக்கு வெக்கிற சுழலுற ஸ்பீக்கர்ல ஓஸி குரல விட்டு எடுத்தது, ஸ்கிப் பண்ணிடாதீங்க. அடுத்து முதல் ஆல்பம், ராத்திரில. அப்புறம் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி, அப்புறம் சபோடாஜ். டியோ பக்கம் ஹெவன் அண்ட் ஹெல் ஒண்ணு போதும். பெஸ்ட் ஆஃப் தொகுப்பு வேண்டாம், எல்லா பேய்ப் பாட்டையும் ஒரே எடத்துல கொட்டி வெச்சிருப்பாங்க, நடுவுல வர்ற மெது பாட்டு எல்லாம் காணாம போயிரும்.

கிடார்ல வாசிக்கணும்னா பாரனாய்ட் ரிஃப்ல ஆரம்பிங்க, சாதாரண டியூனிங், பன்னெண்டாவது ஃப்ரெட் பக்கம், ஒரு வாரத்துல கைக்கு வந்துரும். அயர்ன் மேன் இன்னும் சுலபம், ஆனா ஸ்லைட் பண்றப்போ அவசரப்படக்கூடாது, எல்லாரும் வேகமா வாசிச்சு கெடுக்கிற பாட்டு அது. சில்ட்ரன் ஆஃப் தி க்ரேவ், இன்டு தி வாய்ட் ரெண்டுக்கும் ஆறு கம்பியையும் ஒன்றரை ஸ்டெப் (மூணு ஃப்ரெட் அளவு) கீழ எறக்கிக்கோங்க, இல்லன்னா ரெக்கார்டோட சேத்து வாசிக்கிறப்போ சேராது. எறக்குனா மெல்லிசு கம்பி ரொம்ப தொளதொளன்னு ஆகி ஃப்ரெட்ல அடிக்கும், அதுக்காக பயந்து உடனே தடி கம்பி மாத்தாதீங்க, ஐயோமி மெல்லிசுலதான் வாசிச்சாரு, மொதல்ல அழுத்தத்த கொறச்சு பாருங்க.